பள்ளத்தைத் தோண்டிப் பார்க்காமல் சமரசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், துணைத்தலைவர், மன்ற உறுப்பினர்கள், ஆணையாளர் ஆகியோருக்கு,

அடுத்த மன்றக் கூட்டத்துக்கான அஜெண்டாவில் ஒரு பொருளைப் படித்தேன். பழைய குப்பைக் கிடங்கை பயோமைனிங் முறையில், அதாவது தோண்டிச் சலித்துப் பிரித்து, அகற்றும் பணி தொடர்பாக, ஒப்பந்ததாரருக்கும் நகராட்சிக்கும் இடையே நடுவர் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) முன் இருக்கும் வழக்கை ‘இருதரப்பு ஒப்புதலோடு சமரசமாக முடித்துக்கொள்ள’ மன்றத்தின் அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறார்கள், எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ‘நகராட்சியின் நிதிநிலை கருதி’ என்ற காரணம் மட்டும் இருக்கிறது. எங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டேன். இணைப்பு தனக்கும் வரவில்லை, கூட்டத்தன்று வாசிப்பார்கள் என்றார். வாசித்த கையோடு எல்லோரும் மேசையைத் தட்டித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு எழுந்துவிடுவீர்கள். நான் அந்தக் கிடங்குக்குத் தெற்கே குடியிருக்கிறேன். இதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மில்லில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். வழக்கு நீள நீள வட்டி ஏறும், வக்கீல் கட்டணம் ஏறும், நடுவருக்கும் கட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒப்பந்ததாரர் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பழைய குப்பையை அள்ள அவரை அழைத்துவிட்டு, அன்றாடக் குப்பையையும் அதே வளாகத்தில் கொட்டியது நகராட்சி வண்டிகள்தான். காலையில் அவருடைய ஜேசிபி ஒரு பக்கம் அள்ளும், இன்னொரு பக்கம் நம் டிப்பர் கொட்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்தே இரண்டையும் பார்க்கலாம். ‘மதிப்பீட்டில் சொன்னதைவிட அதிகம் அள்ளினேன்’ என்று அவர் கேட்கிறார் என்றால், அந்த வாதத்தை அவர் கையில் கொடுத்தது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பணத் தகராறை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். என் பயம் அந்தத் தாளின் கடைசிப் பத்தியைப் பற்றியது. ‘இப்பணி தொடர்பாக எதிர்காலத்தில் ஒருவர் மீது ஒருவருக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை’ என்று எல்லாச் சமரசப் பத்திரத்திலும் ஒரு வாசகம் வரும். இங்கும் அது வருமானால், கிடங்கின் அடியில் இன்றும் கிடக்கிற அத்தனைக்கும் நகராட்சி மட்டும்தான் பொறுப்பு. நகராட்சி என்றால் நாங்கள்தான்.

அடியில் என்ன கிடக்கிறது? அது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயலவில்லை என்பதுதான் என் முதல் புகார்.

இந்த ஊரில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த இடம் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். பள்ளத்தை நிரப்பத்தான் முதலில் குப்பை கொட்டினார்கள். அது நிரம்பிய பிறகுதான் மேடு எழுந்தது. பயோமைனிங் தொடங்கும் முன் சர்வே எடுத்தபோது, சாலை மட்டத்தைத் தரைமட்டமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலே இருந்ததைக் கன மீட்டரில் கணக்கிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய மதிப்பீட்டு நகல் என்னிடம் இருக்கிறது. பள்ளம் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஒப்பந்ததாரர் கீழே தோண்டினால், கணக்கில் இல்லாத குப்பையை அவர் இலவசமாக அள்ள வேண்டும். பள்ளம் இருப்பதை நகராட்சி ஒத்துக்கொண்டால், திட்ட மதிப்பீடே தவறு என்று தணிக்கையில் கேள்வி வரும். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போடும் இரண்டு தரப்பும் பள்ளத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் தாளை நான் நம்பத் தயங்குகிறேன்.

பயோமைனிங் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மேட்டைத் தோண்டி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் போட்டுக் காயவைத்து, சுழலும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். சன்னமான மண் ஒரு பக்கம் விழும். எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். கல், கண்ணாடி, கட்டட இடிபாடு இன்னொரு பக்கம். எரியக்கூடியதைத்தான் ஆர்டிஎஃப் என்கிறார்கள். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகள் போன்றவை அதை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும். ஆர்டிஎஃப் ஆலைக்கு 100 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 விழுக்காட்டை இப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. காகிதத்தில் அருமையான ஏற்பாடு.

ஆனால் பில் போடுவது எதை வைத்து? மேடு எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து. சலித்துப் பிரித்தது எங்கே போனது என்பதை வைத்து இல்லை. எங்கள் தெருமுனையில் வந்து பாருங்கள். ஆர்டிஎஃப் கட்டுகள் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே சுற்றுச்சுவரை ஒட்டி இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன. ஆடிக்காற்றில் கவர்த் துண்டுகள் பிய்ந்து எங்கள் வேலி முழுக்கத் தொங்கும், தென்னை மட்டை இடுக்கெல்லாம் மாட்டிக்கொள்ளும். தேங்காய் பறிக்க வருபவர் ஒரு முறை பாளையோடு சேர்த்து ஒரு பால் கவர்ச் சுருளை இழுத்துப் போட்டுவிட்டு, ‘இது என்ன ரகம்’ என்று கேட்டார். கோடையில் அந்தக் கட்டுகளுக்குள்ளே கங்கு பிடித்துப் புகைந்தது. தீயணைப்பு வண்டி வந்து மேலே தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. உள்ளே அணைய நாள் பிடித்தது. அளவெடுக்க வந்தபோது கிழக்குப் பக்கத்து மேடு குறைந்திருந்தது உண்மைதான். அது தெற்கே எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது.

சலித்து எடுத்த மண்ணின் கதை இதைவிட மோசம். ‘நல்ல மண், தாழ்வான இடத்தை மேடாக்கலாம்’ என்று சொல்லி லோடு லோடாகக் கொடுத்தார்கள். பக்கத்து மனைக்காரர் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன் அதை வாங்கி நிரவினார். முதல் மழைக்கே மண் இறங்கியது. மேலே எழுந்து வந்தவற்றை நான் கிளறிப் பார்த்தேன்: ஷாம்பு சாஷே, உடைந்த வளையல், சவரப் பிளேடு, ஊசி இல்லாத சிரிஞ்ச். பிளாஸ்டிக்கும் மருத்துவக் கழிவும் கலந்த மண்ணுக்கு ‘பயனுள்ள மண்’ என்று சான்று கொடுத்தது யார்? அதில் ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? பார்த்திருந்தால் அந்த அறிக்கை எங்கே? இந்த மண் ஊருக்குள் எந்தெந்த மனைக்குப் போனது என்ற பட்டியலாவது உங்களிடம் இருக்கிறதா?

அப்புறம் கிணறு. தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் முதலில் தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் கட்டும், அடியில் துரு நிறத்தில் வண்டல் படியும். வெள்ளைத் துணி துவைக்க முடியாது. மாவட்டத் தலைநகரில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தேன். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தின்படி, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். என் கிணற்றுத் தண்ணீர் அந்த இரண்டாவது வரம்பையும் தாண்டியிருந்தது. அமோனியாவும் இருந்தது. அறிக்கையை நகராட்சியில் கொடுத்தேன். உங்கள் வீட்டுக் கழிப்பறைத் தொட்டி கசிந்திருக்கலாம் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நிலச் சரிவில் கிடங்குக்கு மேலே ஒரு கிணற்றிலும் கீழே ஒரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் தொட்டியா கிடங்கா என்று தெரிந்துவிடும். அதைச் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு தந்தீர்கள், பதில் தரவில்லை.

இந்த நிலையில்தான் ‘எதிர்காலத்தில் எவ்விதக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்திடப் போகிறீர்கள். வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, பாயைத் தூக்கக் கூடாது என்று பத்திரமும் எழுதிக்கொள்வதைப் போன்றது இது.

அவசரச் சமரசம் என்ன செய்யும் என்பதற்குப் போபாலைவிடப் பெரிய பாடம் வேண்டாம். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அந்த விஷவாயு வழக்கை முடித்தார்கள். தொகை போதாது என்று மத்திய அரசே பின்னால் சீராய்வுக்குப் போயும், 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருமுறை முடித்துக்கொண்டதை இத்தனை ஆண்டு கழித்துத் திறக்க முடியாது என்பதுதான் சாரம். ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அங்கிருந்து கிளம்பியது 2025 ஜனவரியில், அதுவும் அரசு செலவில். சமரசத்துக்கும் அந்த லாரிகளுக்கும் இடையே 36 வருடம். நம் கிடங்கு போபால் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் முதலில் பணத்தைப் பேசி முடிப்பது, மண்ணையும் தண்ணீரையும் பிறகு பார்த்துக்கொள்வது என்ற அந்த வரிசை அதேதான்.

நம் மாநிலத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுடன் 2016-இல் சமரசம் ஆனது. ஆனால் ஆலை நிலத்தைச் சுத்தம் செய்வது தனிப் போராட்டமாகவே நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அங்கே குறைந்தது ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்துவிட்டு, அளவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நாம் இன்னும் அளக்கவே இல்லை.

‘ஒப்பந்ததாரர் பொறுப்பு’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2 அன்று குப்பை மலை தீப்பிடித்து ஊரே நாள்கணக்கில் புகையில் மூழ்கியது. அங்கும் பயோமைனிங்குக்கு ஒப்பந்ததாரர் இருந்தார். ஆனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் இழப்பீட்டை மாநகராட்சியின் மீதுதான் விதித்தது. பழைய குப்பையை அகற்றாத சிறிய உள்ளாட்சிகள் 2020 ஏப்ரல் முதல் மாதம் 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று அதே தீர்ப்பாயம் ஏற்கெனவே ஆணையிட்டிருக்கிறது. பள்ளத்தில் குப்பை இருக்கிறது என்று நாளை யாராவது தீர்ப்பாயத்தில் நிரூபித்தால், ‘பணி முடிந்தது’ என்று நீங்கள் கொடுத்த சான்றிதழே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக நிற்கும். அப்போது ஒப்பந்ததாரரை இழுக்கலாம் என்றால், கோரிக்கை இல்லை என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

நடுவர் முன் சமரசமாகி அது தீர்ப்பாக எழுதப்பட்டால், 1996-ஆம் ஆண்டின் நடுவர் சட்டம் 30-ஆவது பிரிவின்படி அதற்கு மற்ற நடுவர் தீர்ப்புகளுக்கு உள்ள அதே தகுதி வந்துவிடும். அதை எதிர்த்து மனுப் போட வழக்கில் இருக்கும் தரப்பினருக்குத்தான் வழி. கிணற்றுக்காரர்களான நாங்கள் அந்த வழக்கில் தரப்பே இல்லை. எங்களுக்கு மிஞ்சுவது பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. நிவாரணமும் சீரமைப்பும் கேட்டு ஐந்தாண்டுக்குள் அங்கே போகலாம். போனால் எதிர்மனுதாரர் நீங்கள்தான். எங்கள் வரிப்பணத்தில் எங்களுக்கு எதிராகவே வக்கீல் வைப்பீர்கள். இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

மாசுபடுத்தியவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் சேரும் என்றது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இந்தக் கிடங்கில் மாசுபடுத்தியவர் யார் என்று கேட்டால் பதில் ஒருவரோடு முடியாது. கொட்டிய நகராட்சி, பிரிக்காமல் போட்ட நாங்கள், அரைகுறையாக அள்ளிய ஒப்பந்ததாரர், மருத்துவக் கழிவைத் தள்ளிவிட்ட மருத்துவமனைகள் என்று பலர். அதனால்தான் ஒருவரை மட்டும் இப்போதே விடுவித்துவிடக் கூடாது என்கிறேன்.

நிதிநிலை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் பேசிவிடுவோம். தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் பழைய குப்பைக்கு டன்னுக்கு 550 ரூபாய் என்று செலவு வரையறை வைத்தார்கள். 1 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நம்மைப் போன்ற ஊருக்கு அதில் பாதி மத்திய அரசின் பங்கு. மீதி மாநிலமும் நாமும். அத்தனையும் பொதுப்பணம். அந்தப் பணத்தில் நடந்த வேலை முடிந்ததா இல்லையா என்பதை இரண்டு தரப்பும் மூடிய அறையில் பேசி முடிவு செய்ய முடியாது. இன்று சமரசத்தில் மிச்சமாகும் தொகை, நாளை பள்ளத்தைத் தோண்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று நிதிப் பிரிவில் யாராவது ஒரு தாளில் போட்டுப் பார்த்தார்களா? போட்டிருக்க முடியாது. பள்ளத்தின் ஆழமே தெரியாதே.

மீட்ட இடத்தில் வாரச்சந்தையும் பூங்காவும் வரும் என்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். மூடிய குப்பை நிரப்பிடத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும், கசிவுநீரையும் வாயுவையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னதை அந்தப் பலகையை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போல. பள்ளம் அப்படியே இருக்கும் வரை அந்த இடம் மூடிய நிரப்பிடம்தான். அடியில் தடுப்புத் தாள்கூட இல்லாத நிரப்பிடம்.

சரி, நாங்கள் கேட்பது இவைதான்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளை ஒத்திவையுங்கள். சமரச வரைவை முழுசாக, தொகையோடும் எல்லா வாசகங்களோடும் தமிழில் வெளியிடுங்கள். வெளியிட்டு ஒரு மாதமாவது ஆன பிறகு, எங்கள் வார்டில் பகுதி சபையைக் கூட்டி எங்களைக் கேட்டுவிட்டு மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். வாக்கெடுப்பு நடந்தால் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு பதிவு செய்யுங்கள்.

அதற்குள் பள்ளத்தில் துளையிட்டு மாதிரி எடுங்கள். இந்தப் பணியில் எந்தத் தரப்பிடமும் பணம் வாங்காத ஒரு பல்கலைக்கழகத்திடம் அதை ஒப்படையுங்கள். குப்பை எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, அதற்குக் கீழே மண்ணில் என்ன இறங்கியிருக்கிறது, சரிவில் மேலே உள்ள கிணறுகளுக்கும் கீழே உள்ள கிணறுகளுக்கும் என்ன வித்தியாசம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மாதிரி எடுக்கும்போது எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் உடன் இருப்போம்.

சமரசம் பண்ணுவதாக இருந்தால், ஏற்கெனவே அள்ளிய அளவுக்கான பணத் தகராறோடு அது நிற்க வேண்டும். பள்ளம், நிலத்தடி நீர், கொண்டுபோகாத ஆர்டிஎஃப் கட்டுகள், ஊருக்குள் போன மண் ஆகிய நான்கும் சமரசத்தில் அடங்காது, இவை குறித்த கோரிக்கை உரிமை நகராட்சியிடமே இருக்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியை, கட்டுகள் சிமெண்ட் ஆலைக்குப் போய்ச் சேர்ந்த எடைமேடை ரசீது வரும் வரை பிடித்து வையுங்கள். சமரசத்தால் நகராட்சிக்கு மிச்சமாகும் பணம் பொதுக் கணக்கில் கரையக் கூடாது. 15 ஆண்டுக் கண்காணிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கில் போடுங்கள்.

சலித்த மண் எந்த மனைகளுக்குப் போனது என்ற பட்டியலை அந்தந்த வீட்டுக்காரர்களுக்காவது தெரிவியுங்கள். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் முதலில் அங்கே மண்ணைச் சோதியுங்கள்.

சோதனை முடிவு வரும் வரை, கிடங்கைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் குழாயிலோ லாரியிலோ தினமும் குடிநீர் கொடுங்கள். இதற்கு மட்டும் மன்றத் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஆணையாளரே உத்தரவிடலாம்.

பொருளை ஒத்திவைக்கிறீர்களா இல்லையா என்பதைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலைக்குள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒத்திவைக்காவிட்டால் இந்த மடலின் நகலும் தண்ணீர் அறிக்கையும் மறுநாளே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
கிடங்குக்குத் தெற்கே குடியிருக்கும் வரி செலுத்துபவர்